ஏழாம் நாள் அழைப்பு

சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து, வெப்பக்காற்று வரும் கம்பித் தட்டியில் காதை வைத்திருந்தாள் லோரெட்டா. கீழே நிலவறையில் அவள் புருஷன் வெர்னன் சிரித்துக்கொண்டிருந்தான். கூடவே ஒரு பொம்பளைக் குரல்.

ஏழு நாளாக இதே கூத்து. பன்றி இறைச்சி ஆலையில் ஒருவர் விடாமல் பிடித்த தொற்றுக் காய்ச்சல் வெர்னனுக்கும் வந்து, அவன் கீழே தனியாக அடைந்து கிடந்தான். சாப்பாட்டைக்கூட லோரெட்டா படியில் வைத்துவிட்டுத்தான் வருவாள். அப்படிப்பட்டவனுக்குத் தினமும் பதினோரு மணிக்கு போன் வந்தது. முக்கால் மணி நேரம் ஓடியது.

குரல் யாருடையது என்பதும் அவளுக்குத் தெரியும். முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தில் வியாழக்கிழமை தோறும் பிங்கோ எண்களைக் கூப்பிடும் ரோஷெல். வெர்னன் அந்த ஆட்டத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஒரு வாரம்கூடத் தவறவிட்டதும் இல்லை.

தன்னிடம் அவன் கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் ஒரு பிங்கோக்காரியிடம் போகிறதே என்று வயிறு எரிந்தது.

எழுந்தாள். முகக்கவசத்தை மாட்டினாள். நிலவறைக் கதவைப் படாரென்று திறந்து, மேல்படியில் நின்று கத்தினாள்.

“யார்கிட்டய்யா இளிச்சிட்டிருக்க?”

“கவுன்ட்டி போன்மா! தினம் உடம்பு எப்படின்னு கேக்குமே, அந்த மெஷின்!”

“மெஷினா? என் காது என்ன அவிஞ்சா போச்சு? அது அந்த ரோஷெல் சிறுக்கி! அவ பேரச் சொன்னதுமே உன் மூஞ்சி பல்பு மாதிரி எரியுது பாரு!”

“குரல் அவளோடது, பேசறது மெஷின். ரேடியோல சொன்னாங்களே, நீ எதைத்தான் கேக்கற?”

ரோஷெல் மெஷினுக்குக் குரல் கொடுத்தது உண்மைதான். எங்கள் கவுன்ட்டியே, அதாவது மாவட்டமே, சிரித்த கதை அது. தேர்தல் நெருங்குகிறது, செலவைக் குறைக்கிறேன் பார் என்று கமிஷனர் நோவாக், நோயாளிகளைப் போனில் விசாரித்துவந்த ஆறு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டெக்சஸ் கம்பெனியிடம் தானாகப் பேசும் மெஷினை வாங்கினார்.

டெக்சஸ் குரலைக் கேட்டதும் எங்கள் ஜனங்கள், எவனோ இன்ஷூரன்ஸ் விற்கிறான் என்று போனை வைத்தார்கள். பத்து நாளும் விடாமல் பதில் பதிவாகாதவனை ஆலை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்ளாது. ஆள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆலை முதலாளி குதித்தார், கமிஷனர் நடுங்கினார். கடைசியில் கம்பெனிக்காரர்கள் ஊருக்கெல்லாம் பழக்கமான குரலாகப் பார்த்து ரோஷெலைப் பிடித்துப் பதிவு செய்தார்கள். அதற்கப்புறம் ஒருத்தரும் போனை வைக்கவில்லை.

“எனக்கு இன்னிக்கு உண்மை தெரியணும்” என்றாள் லோரெட்டா. “ஸ்பீக்கர்ல போடு. இல்லன்னா இப்பவே அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். காய்ச்சலோட நீயே பொங்கித் தின்னு!”

போட்டான்.

“...மூச்சுத் திணறல் இருந்தால், ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால், இரண்டை அழுத்தவும்.”

உப்புச் சப்பில்லாத குரல். வெர்னன் இரண்டை அழுத்தினான்.

“நன்றி. உங்களுக்கு வாசனை—”

மேலே அவர்கள் நாய், ஜன்னலில் அணிலைப் பார்த்துக் காது கிழியக் குரைத்தது. குரல் நின்றது. நாய் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. “—தெரியவில்லை என்றால், ஒன்றை அழுத்தவும்.” கவுன்ட்டி கொடுத்த காசு வீண்போகவில்லை, மரியாதை தெரிந்த மெஷின்தான்.

“முக்கால் மணி நேரம் இதையா கேக்கற?”

“காய்ச்சக்காரனுக்குக் கேள்வி ஜாஸ்தி. ஒண்ணு விட்டாலும் ஆலைல உள்ள விடமாட்டான்.”

“அப்போ எதுக்குச் சிரிச்ச?”

“ஒன்பதை அழுத்தவும்னு பிங்கோ நம்பர் மாதிரியே இழுக்குது. ஏழு நாளா தனியா கெடக்கறேன், இதுக்குக்கூட சிரிக்கக் கூடாதா?”

லோரெட்டாவுக்கு உடம்பு கூசியது. போயும் போயும் ஒரு மெஷின்மேலா பொறாமைப்பட்டோம்! காய்ச்சலில் கிடக்கிற மனுஷனை என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“மன்னிச்சிடு வெர்னன். புத்தி கெட்டுப்போச்சு எனக்கு.” நாலு படி இறங்கி வந்து, போனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “நீயும் மன்னிச்சிடு ரோஷெல். வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்.”

“நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது.”

லோரெட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். வெர்னனும் சிரிக்கப் போய் இருமல் வந்து திணறினான்.

“மத்தியானத்துக்குக் கறியை அரைச்சு மீட்லோஃப் பண்றேன், மேல கெட்ச்அப் நிறைய போட்டு” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி குழாயைத் திறந்தாள்.

வெர்னன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு போனைக் காதில் வைத்தான். மறுமுனையில் ரோஷெல் கிசுகிசுத்தாள்.

“போயிட்டாளா?”