மஞ்சள் குறிப்பும் சின்னப் பூட்டும்

இணையப் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பெழுதி விவாதிக்கும் கருவியைச் செண்பகவல்லி தன் உலாவியில் நிறுவினாள். அரை மணி நேரத்துக்குள் வாழைப்பூ வடை செய்முறைப் பக்கத்தில் அவள் கையால் ஒரு மஞ்சள் குறிப்பு பிறந்துவிட்டது: "நரம்பெல்லாம் எடுக்க வேண்டாம், அப்படியே அரைக்கலாம்."

"இப்போ பாருங்கண்ணே, நாலு பேர் வந்து நாலு விதமா பேசப்போறாங்க," என்றது குறிப்பு, தன் தலைமேல் இருந்த சின்னப் பூட்டிடம்.

இரண்டு நாள் போனது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"இந்த ஊருக்கு விவாதம் பண்ணவே தெரியலைண்ணே."

"தம்பி, 'எனக்கு மட்டும்'னு வெச்சு என்னைப் பூட்டியிருக்காங்க. நீ சொன்னது வெளியே யாருக்கும் தெரியாது."

"அடடா, முதல்ல திறங்கண்ணே."

பூட்டு திறந்துகொண்டது. உடனே ஒரு பதில் வந்து கீழே உட்கார்ந்தது. குறிப்புக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க. என்ன எழுதியிருக்காங்க, படிங்கண்ணே."

பூட்டு நிதானமாகப் படித்தது: "நரம்பை எடுக்காமல் நீங்கள் ஒரு வடையாவது சுட்டுத் தின்றதுண்டா?"

குறிப்பு பூட்டின் பக்கம் ஒதுங்கியது. பிறகு மெல்லச் சொன்னது:

"காத்து ரொம்ப அடிக்குதுண்ணே. பூட்டிடுங்களேன்."