தாழ்ப்பாளைப் பற்றி ஒரு கடிதம்

காலையில் வெடிமருந்துப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தாளை விரித்து எழுத உட்காருவது அந்தச் சிப்பாயின் வழக்கம். கவிதை எழுதுகிறவன் என்பதால், மாண்டவர்களின் வீட்டாருக்குக் கடிதம் எழுதும் வேலையும் அவன் தலையில்தான் விடிந்திருக்கிறது. கூடாரத் துணி வழியே வெயில் பச்சையாக இறங்குகிறது. மாண்ட தோழனின் மனைவி எழுதிய கடிதம் முன்னே கிடக்கிறது: ‘கடைசியில் “வெற்றி நமதே” என்றாராமே. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையா, அண்ணா?’ வெற்றி என்பது இவன் சேர்த்த சொல். எல்லாக் கடிதங்களிலும் அதைத்தான் வைத்தான். கதைகளில் சிங்கம் கர்ஜித்துக்கொண்டே சாகும். பதுங்குகுழியில் மனிதன் வீட்டை நினைத்துக்கொண்டே சாகிறான். தோழன் மாண்ட அன்று உயிரைக் கொடுத்துப் பிடித்த மேட்டையும் மூன்றாம் நாளே விட்டுவிட்டு இறங்கியாயிற்று. “என்ன புலவரே, டீ ஆறிப் பச்சத்தண்ணி ஆகுது,” என்று குவளையை வைக்கும் சமையற்காரர், அவன் எழுதத் தொடங்கியிருக்கும் பதிலை எட்டிப் பார்த்து முகம் மாறுகிறார். “இதைக் கேப்டன் படிச்சா உம்ம தோலை உரிச்சுத் தொங்கப்போட்டுடுவாரு!” “படிக்கட்டும். நானே கொண்டுபோய் அவர் கையில கொடுக்கப்போறேன்.” தூரத்தில் பீரங்கி இருமுகிறது. குவளையில் டீ வளையம் வளையமாக நடுங்குகிறது. பேனா நடுங்காமல் ஓடுகிறது. ‘தங்கச்சி, அந்த வார்த்தை நான் இட்டுக்கட்டியது. அவன் தலை என் மடியில் இருந்தது. “பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுது. அவ தனியா இருப்பா, உடனே மாத்தச் சொல்லு” என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அதை உன்னிடமிருந்து மறைத்தேன். என்னை மன்னித்துவிடம்மா.’ படையின் முத்திரை குத்த வேண்டிய இடத்தில், தன் பெயரை முழுதாக எழுதுகிறான்.