ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்

மனைவி நிரஞ்சனியின் லெப்டொப்பில் இருந்த வீட்டுக் கணக்கைத் தன் கம்ப்யூட்டரிலும் தெரிகிற மாதிரி இணைத்து முடித்தான் விஜேந்திரன்.

“இனிமே நீ ஒண்ணையும் மறைக்க ஏலாது,” என்றான். “மாத்தளைக்கு த்ரீவீல்ல போயிருக்க. நம்ம பல்லேபொலயில பஸ்ஸே ஓடலையா?”

“அன்னைக்கு நல்ல மழைங்க.”

“செருப்பு மூவாயிரத்து இருநூறா! பெரிய மகாராணி. காசோட அருமை ஒனக்கு எங்க தெரியப் போகுது?”

நிரஞ்சனி கோபப்படவில்லை.

“செலவ மட்டுந்தான் பார்த்தீங்களா? வரவையும் பாருங்களேன்.”

“அதையும் பார்க்கத்தான் போறேன்,” என்று அலட்சியமாகத் திறந்தான்.

பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே வரிதான் இருந்தது: ‘நிரஞ்சனி, சம்பளம்.’

தான் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாக வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதை இப்படி வரிசையாகப் பார்த்ததில்லை. அவன் பெயர் செலவுப் பக்கத்தில் மட்டும் இருந்தது: ‘விஜேந்திரன், கைச்செலவு, பன்னிரண்டாயிரம்.’

“இந்த மாசத்துக்கு அத இன்னும் நான் போடல,” என்றாள் நிரஞ்சனி, கைப்பையை எடுத்துக்கொண்டே. “எது எதுக்கு வேணும்னு நீங்களே அதுல எழுதி வைங்க. ஒபிஸ்ல இருந்து வந்து பார்த்துட்டு, நியாயமா இருந்தா தர்றேன்.”