ஓரத்து ஜோடி

சீவிக்கொண்டிருந்த இளநீரை ஒதுக்கி, அரிவாளைத் தரையில் வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தார் கண்ணுசாமி. "செத்த நேரம் இப்படி வந்து உக்காரு, கண்ணம்மா. அந்தக் கல்யாண சீனப் பாப்போம்."

"எங்கண்ணன் வீட்டாளுங்க திண்டுக்கல்லத் தாண்டிட்டாங்களாம். பூ வைக்க வர்ற நேரத்துல இவருக்குப் படம் கேக்குது" என்றாள் கண்ணம்மாள்.

"உக்காருன்னா உக்காரு."

வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. சாரல் அடிக்கிறது என்று கதவைத் தாழ்போட்டிருந்தார். மகள் தீபா புதுச் சேலையில் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் படம் அந்த வீட்டின் செல்லம். இரண்டு வருடத்துக்கு முன், சாணார்பட்டிப் பக்கம் அவர்கள் ஊரிலேயே எடுத்தது. இலவசத் திருமணக் காட்சிக்கு ஊர்ப் பெண்களையே மணப்பெண்களாக உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையாக மட்டும் ஊர்ப் பையன் யாரும் வேண்டாம், நாளைக்குப் பேச்சு வரும் என்று ஒற்றைக்காலில் நின்றது கண்ணம்மாள்தான். அதனால் திண்டுக்கல்லில் இருந்து முகம் தெரியாத பையன்களைக் கூட்டி வந்தார்கள்.

எப்போதாவது பார்க்கிற படத்தை, கண்ணம்மாளின் செம்பட்டி அண்ணன் தன் மகன் மோகன்குமாருக்குப் பெண் கேட்ட நாளிலிருந்து, கண்ணுசாமி தினமும் போடுகிறார். அதுவும் அந்த ஒரு காட்சியை மட்டும். சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டால், "ஒன் இஷ்டம்" என்பதோடு சரி.

திரையில் கெட்டிமேளம் முழங்கியது. ஊர்ப் பெரியவர்கள் அட்சதை போட்டார்கள். எல்லார் கையும் நடுவில் இருந்த கதாநாயகன், கதாநாயகி பக்கம் போக, கண்ணுசாமியின் கை மட்டும் ஓரமாகப் போனது.

"மரத்து உச்சியில நிக்கிற ஒத்தக் குலையக் குறி பாத்து வெட்டுற ஆளு. பத்தடியில இருக்கிற கதாநாயகி மேல அரிசி போடத் தெரியல. ஊரே இன்னும் சிரிக்குது" என்று வழக்கம்போல் குத்தினாள் கண்ணம்மாள்.

அவர் சிரிக்கவில்லை. காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். "நல்லாப் பாரு."

சலிப்போடு அவள் ஓரத்து ஜோடியைப் பார்த்தாள். தீபாவும், தலைப்பாகை கட்டிய ஒரு பையனும். மற்ற ஜோடிகள் வெட்கத்தில் நெளிந்து சிரித்துக்கொண்டிருந்தன. தீபா அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு முடிச்சுப் போட்டால் போதும், அப்புறம் அவிழ்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று அன்றைக்கு மைக்கில் சொன்னார்கள். அந்தப் பையன் ஒன்று போட்டான். இரண்டு போட்டான். மூன்றாவதை இழுத்து இறுக்கினான்.

கண்ணம்மாள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். பிராங்க்ளின். தீபாவோடு படித்தவன். போன மாதம் தீபாவின் காலேஜ் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து கொடுத்து, வாசலிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவன்.

படக்காரர்கள் தாலிக் கயிற்றைக் கேட்டபோது, வாய்க்காலில் விழுந்துவிட்டது என்று சொன்னவள் தீபா. கண்ணம்மாள் மெல்லத் திரும்பினாள். மகளின் கை, சேலைக்குள் நெஞ்சோடு எதையோ பொத்திப் பிடித்திருந்தது.

கண்ணம்மாளின் கண் தரையில் கிடந்த அரிவாளுக்குப் போனது. தன் சொந்தத் தங்கச்சி வேறு சாதிக்காரனோடு போனபோது, இதே அரிவாளோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பகல் முழுக்க நின்றவர் இந்த மனுஷன். கையில் சிக்காமல் போனவள் இருக்கிறாளா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"மின்னல் வெட்டுது. டிவி புகைஞ்சிரும்" என்று எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள்.

"போடு."

"போதும்ங்க."

"போடுன்னேன்."

திரும்பப் போட்டாள். அவர் அந்த மூன்றாவது முடிச்சில் கொண்டுபோய்ப் படத்தை நிறுத்தினார். அதைப் பார்த்தபடியே அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தீபா, இங்க வா."

கண்ணம்மாள் குறுக்கே விழுந்தாள். "அவள ஒண்ணும் செஞ்சிராதீங்க. நான் ஒருத்திதான் பாத்தேன், வாரவுக யாருக்கும் தெரியாது. கயித்த நானே அறுத்துப் போட்டுர்றேன். இன்னைக்குப் பூ வச்சிட்டா எல்லாம் மூடிப் போயிரும்."

"அறுக்கப் போறியா?"

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய், அரிவாளைச் சுவரில் அதன் ஆணியில் மாட்டினார்.

"ஒங்கண்ணனுக்குப் போனப் போட்டு, வர வேணாம்னு சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லு. எனக்குச் சொல்ல வாய் வரல. அதான் தெனமும் ஒனக்குப் போட்டுக் காட்டுனேன். நீ என் கையவே பாத்துச் சிரிச்சிட்டு இருந்த." அவர் தீபா பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுல ஒரு பொண்ணத் தொலைச்சது போதும்."

சுவரோரம் தீபா விம்முவது கேட்டது. கண்ணம்மாள் கணவனையே பார்த்தாள். "அப்ப... அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் ரிமோட்டை அழுத்தினார். திரையில் அவர் கையிலிருந்த அரிசி அத்தனையும் ஓரத்து ஜோடியின் தலையில் போய் விழுந்தது.

"எனக்குக் குறி தப்பல, புள்ள."