ஈர நோட்டு

"பேங்க் முழுகப் போவுதாமே! எம் பணத்தைக் குடுத்துடுங்க!"

விடிந்ததும் விடியாததுமாக காரைக்கால் கிளை வாசலில் தலத்தெரு ஆட்களும் சுரக்குடி ஆட்களும் திரண்டுவிட்டார்கள். மெட்ராஸ் தலைமை ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கியதில் பேங்க் நொடித்துப்போச்சாம், பங்கு விலை பாதியாகிவிட்டதாம்.

மேனேஜர் அமிர்தலிங்கம் வாசலுக்கு ஓடி வந்தார். இப்படியே போனால் மதியத்துக்குள் பெட்டி காலி, கிளையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"பங்கு விலை ஏறும், இறங்கும். பேங்க் கல்லாட்டம் இருக்கு! எவனோ வேலையத்தவன் கிளப்பிவிட்டது!"

தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டார்கள்?

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள் பூவாயி. பட்டினச்சேரியிலிருந்து வந்து மீன் விற்கிறவள். நேற்றுதான் மொத்தப் பணத்தையும் எடுத்துப் போயிருந்தாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீதானே ஊரெல்லாம் கொளுத்திப் போட்டே? இன்னும் என்ன வேணும்?"

"பணம் கட்ட வந்தேங்க."

மடியிலிருந்து சொதசொதவென்று நோட்டுக்கட்டை எடுத்து வைத்தாள். மீன்காரிகள் பணம் எப்போதும் ஈரம்தான். கிளார்க் வழக்கம்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி ஃபேனைப் போட்டார். ஒரு மேசை போதவில்லை.

வரிசை எட்டி எட்டிப் பார்த்தது.

"அட, பூவாயியே கட்டுறா!"

"அவள ஏமாத்த முடியுமா? நாமதான் பைத்தியக்காரத்தனமா வந்து நிக்கிறோம்."

ஒருவர் நழுவினார். பின்னாலேயே நாலைந்து பேர். மதியத்துக்குள் வாசல் வெறிச்சோடிவிட்டது.

அமிர்தலிங்கத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"காப்பாத்திட்டே பூவாயி! ஆமா, புயல்னு ஒரு வாரமா படகே போகலியே, நோட்டு எப்படி நனைஞ்சுது?"

"நான்தான் தண்ணில முக்கினேன். காஞ்ச நோட்டுன்னா பெட்டிக்குள்ள போயிடும். நனைஞ்சாத்தானே நாலு பேரு பாக்கப் பரப்புவீங்க? இந்த பேங்க மூடிட்டா வலை வாங்க எங்களுக்கு யாருங்க கடன் குடுப்பா?"

"அப்ப நேத்து ஏன் எடுத்தே?"

பூவாயி குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்களே உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்து, அவங்க பணம் பூராவும் எடுத்துக் குடுத்தீங்களே. அதப் பாத்துப் பயந்துட்டேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலீங்க."

அமிர்தலிங்கத்துக்கு அவமானத்தில் முகம் சிவந்தது.

காலிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பூவாயி சொன்னாள்:

"ரெண்டாவது மேசையில இன்னும் எடம் கெடக்கு. அம்மாவ வரச் சொல்லுங்க."