மாவும் அட்டெண்டன்ஸும்

“இது காலேஜா, சந்தையா? கிளாஸ் நடக்கும்போது வெளியே என்ன வேலை?”

போன வாரம்தான் வந்து சேர்ந்த பிரின்சிபால் தேசப்பனின் குரல் கேட்டதும் வகுப்பறை வாசலில் நின்றிருந்த விஜயகுமார் சட்டென்று திரும்பினான். கும்மிடிப்பூண்டி சிப்காட் இரும்பாலையில் ஃபிட்டர் அவன். மாலையில் பார்ட் டைம் பி.இ., கடைசி செமஸ்டர். இன்றைக்கும் அட்டெண்டன்ஸ் போனால் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் வீண். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற சூப்பர்வைசர் வேலையும் அம்போ.

“லேட்டு சார். மேடம் உள்ள உடல.”

“ஓவர்டைமா?”

“இல்ல சார். ஏ ஷிஃப்ட்டு. மதியமே உட்டுட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

விஜயகுமார் தலையைச் சொறிந்தான். “ஊட்ல இட்லிக்கு மாவு அரைக்கச் சொன்னாங்க சார். பாதியில கரண்டு பூட்ச்சு. அப்படியே உட்டுட்டு வந்தா பெரிய பேஜாரு.”

ஜன்னலோரம் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். “சைலன்ஸ்!” என்று மேடம் ஒரு அதட்டல் போட்டுவிட்டு போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிரின்சிபால் அவன் சட்டையைப் பார்த்தார். கிரீஸ் கறைக்குப் பக்கத்திலேயே உளுந்து மாவு காய்ந்திருந்தது. ஆள் புளுகவில்லை.

“சம்சாரத்துகிட்ட அவ்வளவு பயமா?”

“இன்னா சார் பண்றது? அங்க மாவு அரைக்காம கெளம்பக் கூடாது. இங்க லேட்டா வரக் கூடாது. நடுவுல மாட்டிக்கினு முழிக்கிறேன்.”

தேசப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனசும் இளகியது.

“சரி, இன்னைக்கு அட்டெண்டன்ஸ் போடச் சொல்றேன். ஆனா ஒரு கண்டிஷன். நாளைக்கு உங்க சம்சாரத்தை என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. வேலையும் பார்த்து, படிக்கவும் செய்யற மனுஷனை கிளாஸ் நேரத்துல மாவு அரைக்க வைக்கலாமான்னு நானே கேட்கிறேன்.”

உள்ளே மேடத்தின் கையிலிருந்த சாக்பீஸ் பட்டென்று ஒடிந்தது.

விஜயகுமாருக்கு வாயெல்லாம் பல்.

“நாளைக்கு எதுக்கு சார்?” என்றபடி வகுப்பறைக் கதவைத் தள்ளினான். “பானு! மாவு விஷயமா பிரின்சிபால் சார் உன்னாண்ட இன்னாவோ கேக்கணுமாம். சாக்பீஸை வெச்சுட்டு வா!”