கைக்கு எட்டாத தேக்கு

“என்னங்க, இத நெஜமாவே தேக்குன்னு நம்புவாங்களா?”

“நம்பலேன்னா என் மீசைய எடுத்துடறேன்!” என்றார் கணவர், கையில் பெயிண்ட் பிரஷ்ஷோடு. அவருக்கு மீசையே கிடையாது.

மனைவியின் அக்கா வீட்டுக் கூடத்தில், இடுப்பு உயரத்தில் சுவரைச் சுற்றி அலங்கார மரச் சட்டம் ஓடுகிறது. அசல் தேக்காம். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், இவரும் தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் விலையைச் சொன்னதும், குடிக்கத் தண்ணீர் கொடுத்து மரியாதையாக வழியனுப்பி வைத்தார். பிறகு கடைக்குப் போய், தெர்மோகோலுக்குத் தூரத்துச் சொந்தமான ஏதோ ஒரு பட்டையை வாங்கி வந்து, தானே ஒட்டி, தேக்குக் கலர் அடித்து, பழைய சீப்பால் இழுத்து மர ரேகையும் போட்டுவிட்டார்.

பார்வைக்குப் பிரமாதம். தட்டினால்தான் குட்டு உடையும்.

“அக்காகிட்ட அசல் தேக்குன்னு சொல்லிட்டேங்க. ஞாயித்துக்கெழமை வர்றாங்க. அக்கா வீட்டுக்காரர் தட்டிப் பாத்துட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அந்த வீட்டுப் படி ஏறுவேன்?”

“அடுத்தவங்க வீட்டுச் சுவர எவனாவது தட்டிப் பாப்பானா?”

“ஏன், நீங்க பாக்கல?”

யார் வீட்டுக்குப் போனாலும் மேஜை, கட்டில், கதவு என்று ஒன்று விடாமல் விரல் முட்டியால் தட்டி, “பிளைவுட்டு!” என்று நாலு பேர் முன்னால் தீர்ப்புச் சொல்கிற ஆள் அவர். அதனாலேயே சொந்தத்தில் பாதிப் பேர் அவரை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. சகலையின் தேக்கைத் தட்ட மட்டும் இன்னும் வாய்க்கவில்லை. அங்கே சுவரை ஒட்டி சோபா, சோபாவை ஒட்டி மீன் தொட்டி, மிச்ச இடமெல்லாம் முள்செடி. ‘வீடா இது, நர்சரியா?’ என்று நொந்துகொண்டே திரும்பி வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இவர் வீட்டு சோபாவும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மிச்ச இடத்தைப் பூந்தொட்டிகள் அடைத்துக்கொண்டன.

“கண்ணுக்குத் தெரியணும், கைக்கு எட்டக் கூடாது,” என்றாள் மனைவி.

விருந்தாளிகள் வந்தார்கள்.

“அடேயப்பா! எங்க வீட்டத் தூக்கிச் சாப்பிட்டுடும் போலிருக்கேடி!” என்றாள் அக்கா. தங்கைக்கு முகம் கொள்ளாத பூரிப்பு.

சகலை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக ஒரு சுற்று வந்தார். “நல்லா முத்தின தேக்கு, சகலை. ரேகையப் பாத்தாலே தெரியுது.”

கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், கூடத்து மூலையில் ‘பட்’ என்று ஒரு சத்தம். பட்டை சுவரை விட்டு மெல்லக் கிளம்பியது. கணவர் தட்டோடு பாய்ந்து போய், பூந்தொட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு, பட்டையின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

“உக்காந்து சாப்பிடுங்க, சகலை.”

“இடுப்பு வலி. நின்னுகிட்டே சாப்பிடச் சொல்லியிருக்காரு டாக்டர்.”

“சாஞ்சுகிட்டேவா?”

“ஆமா... சாஞ்சுகிட்டேதான்.”

சாப்பாடு முடிந்தது. கை கழுவக்கூட அவர் நகரவில்லை. பெண்கள் இருவரும் சமையலறைக்குள் போனதும், சகலை எழுந்து நேராக அவரிடம் வந்தார். கணவர் முதுகை இன்னும் அழுத்திச் சாய்த்துக்கொண்டார். தொலைந்தது மானம்!

சகலை சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பசை டியூபை எடுத்து மூடியைத் திருகினார்.

“கொஞ்சம் நகருங்க, சகலை. எங்க வீட்டுல தெனம் ஒரு மூலை பிரியுது, அதனால இத எப்பவும் பையிலேயே வச்சிருப்பேன்,” என்று கிசுகிசுத்தார். “நீங்க தட்டிப் பாத்துடுவீங்களேன்னு பயந்துதானே நாங்க மீன் தொட்டியே வாங்கினோம்!”